சுழியும் மடியும் பால் கணக்கும்

நம் கரிசற்சீமையில் மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவது நெடுநாளைய வழக்கம். கழுகுமலைத் திருவிழாவை ஒட்டிக் கூடிவந்த மாட்டுத்தாவணியிலும் சரி, ஊர்களில் தரகர்கள் முன்னின்று முடிக்கும் பேரத்திலும் சரி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்பாக மாட்டின் நெற்றி, திமில், முதுகு, வாலடி ஆகிய இடங்களில் மயிர் எப்பக்கமாகச் சுழித்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இராசச்சுழி, கோபுரச்சுழி என்றால் விலை ஏறும். பாடைச்சுழி, துடைப்பச்சுழி, விலங்குச்சுழி என்றால் மாடு எவ்வளவு நல்லதாயினும் விலை இறங்கும். சில சமயம் கேட்பாரே இல்லாமற் போவதும் உண்டு.

இன்று ஒரு நல்ல கலப்பினக் கறவைப் பசுவின் விலை அரை இலட்சம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. இரண்டு ஏக்கர் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் குடும்பத்திற்கும், தறிக்கூலியோடு ஒரு பசுவின் பாற்பணத்தையும் சேர்த்து மாதத்தை ஓட்டும் நெசவாளர் குடும்பத்திற்கும் அது பெரிய முதலாகும். கடன் வாங்கி மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, பாலைக் காணாமல் தவணையை மட்டும் காண்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சுழி ஆகாது என்ற ஒரே காரணத்தால், நன்றாகக் கறக்கிற பசுவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, மாட்டின் உடலமைப்பில் எது பாலைப் பற்றிச் சொல்கிறது, எது சொல்லவில்லை, தாயின் கறவை மகளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்னும் விஷயங்களைச் சங்கத்து அங்கத்தினர்கள் முன் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

சுழியையே முதலில் எடுத்துக்கொள்வோம். கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் தோலில் மயிர்க்கால்கள் சாயும் திசை அமைந்துவிடுகிறது. அச்சாய்வுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமே சுழி. பாடை என்பதும் விலங்கு என்பதும் அதன் வடிவைக் கண்டு மனிதர் இட்ட பெயர்கள். பால் சுரக்கும் மடிக்கு அப்பெயர்கள் தெரியா. ஆயினும், பெரியவர்கள் சொன்னது முழுவதும் வீண் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாடுகளை அடைப்பில் நிறுத்திப் பிடித்தபோது, நெற்றிச்சுழி கண்களுக்கு மேலே உயர்ந்திருக்கும் மாடுகள், சுழி தாழ இருந்த மாடுகளைக் காட்டிலும் மிரண்டு துள்ளின என்று அவர்கள் கண்டார்கள். தோலும் மூளையும் கருவில் ஒரே படலத்திலிருந்து உண்டாவதே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனவே, நெற்றிச்சுழியை வைத்து மாட்டின் குணத்தைச் சொன்னவர் ஏதோ ஒன்றைக் கண்டுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் குணம் வேறு, கறவை வேறு.

மயிரைக் கண்டு பாலைச் சொல்லும் ஆசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்தில் பொர்தோ நகரத்தை அடுத்த லிபூர்ன் என்னும் ஊரில் பிரான்சுவா கெனோன் என்று ஒருவர் இருந்தார். பசுவின் பின்தொடைகளிலும் மடியின் பின்புறத்திலும் மயிர் மேல்நோக்கி வளர்ந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. கேடயம் போன்ற அதன் வடிவையும் அகலத்தையும் கொண்டு, இந்தப் பசு இத்தனை லிட்டர் கறக்கும், சினைப்பட்ட பிறகு இத்தனை மாதம் கறக்கும் என்று அவர் அறுதியிட்டுச் சொன்னார். 1838-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அப்புத்தகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா இராஜ்யம் 1878-இல் அந்த முறையைச் சோதிக்க ஒரு குழுவையே நியமித்தது. குழுவும் அதனை மெச்சி எழுதிற்று. எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் பிற்காலத்தில் ஒவ்வொரு பசுவின் பாலையும் ஆண்டு முழுதும் நிறுத்துக் கணக்கு வைக்கும் வழக்கம் ஏற்பட்டபோது, கேடயம் அகன்ற பசுவும் குறுகிய பசுவும் ஒன்றுபோலவே கறப்பது தெரிந்தது. அதன் பிறகு கெனோனின் முறை மெல்ல மறைந்தது. அப்படியானால் முன்பு அதனால் பலித்தது எப்படி? மயிரைப் பார்க்கக் குனிகிறவர் கண்ணில் மடியும் பட்டுவிடுகிறது அல்லவா! மடி சொன்னதை மயிர் சொன்னதாக எண்ணிக்கொண்டார்கள் என்பதே நம் கருத்து.

மயிருக்கும் பாலுக்கும் மெய்யாகவே தொடர்புள்ள இடம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. நியூசிலாந்தில் சில பசுக்கள் செம்மறியைப் போலச் சடை மயிரோடு பிறந்தன. அவற்றுக்குப் பாலும் சரியாக ஊறவில்லை, வெயிலும் தாங்கவில்லை. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் சுரப்பு நீரின் மரபணுவில் நேர்ந்த ஒரு பிழையே இரண்டிற்கும் காரணம் என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். அந்தச் சுரப்பு நீரை ஏற்றுக்கொள்ளும் கூறில் நேர்ந்த வேறொரு மாற்றம் நேர் எதிராக வேலை செய்து, செனபோல் என்னும் மேற்கிந்தியத் தீவு இனத்திற்குக் குட்டையும் பளபளப்புமான மயிரைக் கொடுத்திருக்கிறது. அம்மயிருள்ள மாடுகள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் தவிக்கும் நம் கரிசல் காட்டுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சுழி எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, மயிர் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள பார்வை.

இனி, நம் பக்கத்து மாடுகளின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி, பர்கூர் என்று தமிழ்நாட்டில் பெயர்பெற்ற இனங்கள் எல்லாம் உழவுக்கும் வண்டிக்கும் உரியவை. மழை விழுந்த சில நாட்களுக்குள் ஈரம் காயுமுன் உழுது விதைத்தாக வேண்டிய கரிசலில், கால் வேகமும் கழுத்து வலிவுமே மாட்டுக்கு அழகு. பழையகோட்டைப் பட்டக்காரர் காங்கேய இனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியதும் அந்த வலிவை வைத்தே. பசு தன் கன்றை வளர்க்குமளவு கறந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆகையால் காங்கேயப் பசுவின் மடி சிறியது. ஓர் ஈற்றில் அது தரும் பால் சுமார் 500 முதல் 600 கிலோ. அது அந்த இனத்தின் குறையன்று. நம் முன்னோர் கேட்டதை அது கொடுத்தது. நம்மிடையே வழங்கும் இலட்சணங்களில் பெரும்பாலானவை, அதாவது திமிலின் எடுப்பு, கொம்பின் வளைவு, குளம்பின் கறுப்பு, வாலின் மெலிவு ஆகிய எல்லாம், ஏர் மாட்டை மனத்தில் கொண்டு எழுந்தவை. டிராக்டர் வந்து ஏர் மாடு குறைந்துபோன பிறகும், அதே அளவுகோலை ஜெர்சிக் கலப்புப் பசுவின் மேல் வைத்துப் பார்க்கிறோம். நாழியைக் கொண்டு துணியை அளப்பது போன்ற வேலை இது.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். காங்கேயக் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்திற்குள் சாம்பல் நிறமாகிறது. காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுக்கின்றன. விதையடித்தால் அக்கறுப்பு மங்குகிறது. ஆண்மைச் சுரப்பு நீரின் ஆட்சி நிறத்தின்மேல் அவ்வளவு இருக்கிறது. ஆனால் கறுப்பு, செவலை, மயிலை என்ற நிறங்களையெல்லாம் விரல்விட்டு எண்ணத்தக்க சில மரபணுக்களே நிருணயிக்கின்றன. பாலை நிருணயிப்பனவோ மிகப் பல. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் வேலை செய்கிறது. நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயத்தைப் பார்த்து நூலின் நம்பரைச் சொல்லிவிட முடியுமா?

காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தால் வெண்ணெய் மிகும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அம்மஞ்சள் பசும்புல்லிலுள்ள கரோட்டின் என்னும் சத்தின் நிறம். கோடையில் வெறும் சோளத்தட்டையைத் தின்னும்போது அதே பசுவின் நிறம் வெளுக்கிறது. கொழுப்பு அதனால் குறைந்துவிடுவதில்லை. எருமைப் பாலோ வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதன் கொழுப்பு 7 சதவீதத்தை எட்டுகிறது. மஞ்சளை நம்புகிறவர் எருமையைப் பார்த்த பிறகாவது யோசிக்க வேண்டாமா?

அடுத்தது உடல்வாகு. கறவைப் பசு ஆப்பு வடிவாக, முன்புறம் குறுகிப் பின்புறம் அகன்று, விலா எலும்பும் இடுப்பெலும்பும் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்று கால்நடைப் புத்தகங்கள் கூறுகின்றன. இது ஓரளவு உண்மை. அளந்து பார்த்தவர்களும், உடலின் புறத்தோற்றங்களில் கறவையோடு அதிகம் ஒத்துவருவது இந்த ஒட்டிய வாகுதான் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் எது காரணம், எது காரியம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டியிருப்பதால் பசு அதிகம் கறக்கவில்லை. ஈன்ற புதிதில், தின்பதைக் காட்டிலும் மிகுதியாகக் கறக்கிற பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக ஊற்றுகிறது, அதனால் ஒட்டிப்போகிறது. நம் கரிசலிலோ மழை பொய்த்த ஆண்டின் கோடையில் எல்லா மாடுகளுக்குமே விலா எலும்பு தெரிகிறது! பட்டினியால் மெலிந்த பசுவைக் கறவையால் மெலிந்த பசு என்று நம்பி வாங்கினால் நஷ்டம் நம்முடையது. வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. கறவையால் ஒட்டிய பசுவின் தோல் பிடித்தால் இளகி வரும். கண் தெளிவாக இருக்கும். வயிறு ஆழ்ந்து அகன்றிருக்கும். பட்டினி மாட்டின் தோல் எலும்போடு ஒட்டி, மயிர் வரவரவென்று நிற்கும்.

வயிற்றின் ஆழம் நல்ல அடையாளந்தான். தட்டையும் கொடியும் கொள்ள இடம் வேண்டும் அல்லவா? ஆனால் உடல் பெருக்கத்தையே கறவையாக எண்ணலாகாது. பசு நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டி உலர் தீவனம் உண்கிறது. 300 கிலோ எடையுள்ள ஜெர்சிக் கலப்புக்கு 9 கிலோ போதுமானால், 450 கிலோ எடையுள்ள ஹோல்ஸ்டீன் கலப்புக்கு 13 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆண்டில் 700 மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில் மழை பெய்து, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே தீர்ந்துவிடும் கோவில்பட்டி வட்டாரத்தில், அந்த அதிகப்படியான நாலு கிலோ மாசிக்குப் பிறகு எங்கிருந்து வரும் என்பதை வாங்குமுன் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இப்போது மடிக்கு வருவோம். உடலில் பாலுக்கு நேரான சாட்சி மடி ஒன்றே. ஆயினும் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துதான் ஏற்க வேண்டும். பெரிய மடியெல்லாம் பால் மடியன்று. மடிக்குள் சுரப்பித் திசுவும் உண்டு. சதையும் கொழுப்பும் உண்டு. கறக்குமுன் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் காட்டிலும், கறந்த பிறகு எவ்வளவு சுருங்கிற்று என்பதே கேள்வி. நனைத்துப் பிழிந்த துணிபோல் மடிந்து தொங்கினால் அது சுரப்பி. கறந்த பின்னும் கட்டியாக நின்றால் அது சதை, அல்லது பழைய மடிநோயின் வடு. மடியில் நான்கு அறைகள் உண்டு. ஓர் அறையின் பால் மற்றோர் அறைக்குப் போகாது. ஒரு காம்பு அடைபட்டுப் போனால் அந்த அறையின் பால் போனதுதான். பின்னறைகள் இரண்டும் முன்னறைகளைவிட அதிகம் சுரக்கும். பத்தில் ஆறு பங்கு வரை அவற்றினுடையது. ஆகவே, முன்னால் மட்டும் பார்க்காமல் பின்னால் நின்று மடி எவ்வளவு உயரத்தில் தொடங்கி எவ்வளவு அகலத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மடியை நடுவில் தாங்கிப் பிடிக்கும் தசைநார் ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் மடியின் நடுவே ஒரு பள்ளம் தெரியுமானால் அந்நார் வலிவுடன் இருக்கிறது என்று பொருள். அது தளர்ந்தால் மடி முழங்காலுக்குக் கீழே இறங்கும். காம்புகள் வெளிப்பக்கம் விரியும். முள்ளிலும் கல்லிலும் கீறிக்கொள்ளும். மடிநோய் எளிதில் பற்றும். இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். தாழத் தொங்கும் மடியுள்ள பசுக்கள் அந்த ஈற்றில் சராசரியாகச் சற்று அதிகமாகவே கறக்கின்றன. ஆனால் மேலே ஏறிக் கட்டியாக அமைந்த மடியுள்ள பசுக்களே அதிக ஈற்றுக்கள் தொழுவத்தில் நிலைக்கின்றன. நாளைக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் கறந்து மூன்றாம் ஈற்றோடு கழிந்துபோகும் பசுவா, அதைவிடக் குறைவாகக் கறந்து ஏழு ஈற்று நிற்கும் பசுவா என்று கேட்டால், கடன் வாங்கி மாடு கட்டுகிறவருக்கு இரண்டாவதே உகந்தது என்போம். காலும் குளம்பும் அதே கணக்கில் சேர்ந்தவை. பாலைக் கூட்டுவதில்லை, பாலைத் தரும் ஆண்டுகளைக் கூட்டுகின்றன.

வயிற்றடியில் புடைத்தோடும் பால் நரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பால் ஊற 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓட வேண்டும். அது திரும்பும் வழிகளில் ஒன்றே இந்நரம்பு. ஆதலால் பருத்து நெளிந்த நரம்பு நல்ல குறியென்பதில் தவறில்லை. ஆனால் ஈற்று ஏற ஏற எல்லாப் பசுவுக்குமே அது பருக்கிறது. முதலீற்றுக் கிடாரியையும் ஐந்தாம் ஈற்றுப் பசுவையும் நிறுத்தி நரம்பை ஒப்பிடுவது நியாயமாகாது.

இத்தனையையும் ஒன்றுசேர்த்து, தேர்ந்த நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டால் பால் தெரிந்துவிடுமா? அமெரிக்காவில் மெயின் இராஜ்யத்தில் ஜான் கோவன் என்னும் ஆராய்ச்சியாளர் 1920-ஆம் ஆண்டுகளில், ஜெர்சிப் பசுக்களுக்குக் கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண்களையும் அவற்றின் பால் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிற்கும் தொடர்பு இருந்தது. ஆனால் மிகச் சிறிதாகவே இருந்தது. கண் சொல்வதைக் காட்டிலும், ஒரே ஓர் ஈற்றின் நிறுத்த கணக்கு பலமடங்கு அதிகம் சொல்கிறது.

இனிப் பரம்பரை. ஒரே ஊரில் ஒரே வகைத் தீவனத்தில் வளரும் பசுக்களுக்குள்ளே பாலில் காணும் ஏற்றத்தாழ்வில், நூற்றுக்கு 25 முதல் 35 பங்கே பரம்பரையால் வருவது. மற்றது தீவனம், தண்ணீர், நோய், ஈன்ற பருவம், கறப்பவரின் கை ஆகியவற்றால் வருவது. பாலின் கொழுப்புச் சதவீதத்தில் பரம்பரையின் பங்கு அதிகம். பாதியளவு என்று கொள்ளலாம். இதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஊரில் கலப்பினப் பசுக்கள் சராசரியாக ஓர் ஈற்றில் 2,000 லிட்டர் கறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பசு 3,000 லிட்டர் கறக்கிறது. அதிகப்படி 1,000 லிட்டர். அதில் 30 பங்கு, அதாவது 300 லிட்டர்தான், அதன் இரத்தத்தில் இருப்பதாக எதிர்பார்க்கலாம். அதிலும் பாதியையே தாய் கொடுக்கிறது. மறுபாதி தகப்பனிடமிருந்து வர வேண்டும். ஆக மகளுக்கு இறங்குவது 150 லிட்டர். 3,000 லிட்டர்ப் பசுவின் கிடாரி என்று சொல்லி இரட்டை விலை கேட்கும்போது, நாம் உண்மையில் வாங்குவது இந்த 150 லிட்டரையே.

அப்படியென்றால் இனம் முன்னேறும் வழி யாது? தகப்பன்தான். ஒரு பசு வாழ்நாளில் ஏழெட்டுக் கன்று ஈனும். ஒரு காளைக்கோ ஆயிரக்கணக்கில் மக்கள் உண்டாகலாம். நம் நாட்டில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் செயற்கைமுறைக் கருவூட்டலை முதன்முதல் நடத்திக் காட்டினார். இன்று ஓசூர், உதகமண்டலம், தஞ்சையை அடுத்த ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் காளைகளின் விந்தை உறையவைத்துக் குச்சிகளில் அடைத்து ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் காளைக்கு மடியில்லையே. அதன் பாலை எப்படி அளப்பது?

இதற்கு விடை நம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. இங்கே 1901-இல் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியில் ‘கே’ வரிசை இரகங்களைத் தேர்ந்தெடுத்த கதை பருத்தி விவசாயிகளுக்குப் புதிதன்று. நல்லதாகத் தோன்றும் செடியின் விதையைத் தனிச் சாலில் விதைத்து, அந்தச் சால் முழுவதும் எவ்வளவு பருத்தி கண்டது, இழை எப்படி என்று நிறுத்தும் அளந்தும் பார்த்த பிறகே தாய்ச்செடியைத் தேர்வு செய்வார்கள். செடியின் அழகு அங்கே செல்லாது. காளைக்கும் அதே முறைதான். அதன் மகள்கள் பல தொழுவங்களில் முதலீற்றுக் கறந்து வரும் கணக்கே காளையின் கணக்கு. பரம்பரைப் பங்கு 30 என்று கொண்டால், பத்து மகள்களின் கணக்கு காளையின் தரத்தை நூற்றுக்கு 45 பங்கு உறுதியாகவும், ஐம்பது மகள்களின் கணக்கு 80 பங்கு உறுதியாகவும் காட்டும். காளையின் தாய் இருபது லிட்டர் கறந்தவள் என்கிற பேச்சை மட்டும் நம்பினால், கிடைக்கும் உறுதி ஏழெட்டுப் பங்குதான். ஊர்க் காளையின் கம்பீரத்தைக் கண்டு பசுவை ஓட்டிச் செல்பவர்களுக்கு அந்த ஏழெட்டுப் பங்கும் இல்லை.

2009-இல் பசுவின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளியாயிற்று. அதன் பயனாக, கன்றின் இரத்தம் அல்லது மயிரைச் சோதித்தே அதன் தரத்தை ஓரளவு கணிக்கும் முறை வந்துவிட்டது. நம் நாட்டு மாடுகளுக்கென்றே ‘இண்டிகாவ்’ என்னும் சில்லு 2021-இல் வெளியிடப்பட்டது. ஆனால் இந்தச் சில்லும் தானாகப் பேசாது. ஆயிரக்கணக்கான பசுக்களின் நிறுத்த பால் கணக்கோடு பொருத்தினால்தான் பேசும். பால் கொழுப்பைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் நம் திமில் மாடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது அப்படிப் பொருத்திப் பார்த்ததில் தெரிந்த ஒரு நல்ல செய்தி. நாட்டுப் பசுவின் பால் அளவில் குறைந்தாலும் திடத்தில் குறையாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

காளையின் வலிமை இருபுறமும் வெட்டும் கத்தி என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் 1962-இல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்களும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பேத்திகளும் உண்டாயினர். பால் பெருகிற்று. அதோடு, அக்காளையின் இரத்தத்தில் மறைந்திருந்த ஒரு பழுதும் பரவிற்று. தாய், தகப்பன் இருவழியிலும் அப்பழுது சேர்ந்த கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். உலகெங்கும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் கருக்கள் இவ்வாறு அழிந்தன என்று 2016-இல் கணக்கிட்டார்கள். கோயில் காளை ஒன்றே ஆண்டுக்கணக்காக ஊர்ப்பசுக்கள் அனைத்திற்கும் பொலியும்போது, தகப்பனே தன் மகளுக்கும் பொலிகாளை ஆகிவிடுகிறது. பழுது கூடும் வழி அதுவே. சினை ஊசி போடுகிறவர் கொண்டுவரும் குச்சியின்மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் அங்கத்தினர் நம்மில் எத்தனை பேர்?

கலப்பினத்தில் தாயைப் போல மகள் இல்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நாட்டுப் பசுவுக்கும் ஜெர்சிக் காளைக்கும் பிறந்த முதல் தலைமுறை ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். கலப்பினத்தைக் கலப்பினத்தோடு சேர்க்கும்போதோ கூறுகள் சிதறிப் பல விதமாக விழுகின்றன. ஒரு மகள் பாட்டியைப் போலவும் ஒரு மகள் பாட்டனைப் போலவும் ஆகிறாள். அதற்கு அஞ்சி மேலும் மேலும் ஜெர்சி இரத்தத்தையே ஏற்றிக்கொண்டு போனால் பால் ஏறலாம். ஆனால் நம் வெயிலும் உண்ணியும் தட்டைத் தீவனமும் அந்த மாட்டுக்கு ஒத்துவருவதில்லை. வெளிநாட்டு இரத்தத்தைப் பாதியளவை ஒட்டி நிறுத்திக்கொள்வது சமவெளிக்கு உகந்தது என்று பொதுவாகக் கூறப்படும் ஆலோசனை மானாவாரிப் பகுதிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கணக்கு, கணக்கு என்று இவ்வளவு நேரம் சொல்லி வந்தோம். அதை வைப்பது கூட்டுறவுக்கு அந்நியமான வேலையன்று. டென்மார்க்கில் ஜட்லாந்துப் பகுதியில் 1882-இல் ஹியெடிங் என்னும் ஊரில் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1895-இல், அதே பகுதியில் வேயன் என்னும் ஊரின் விவசாயிகள் சேர்ந்து ஒரு கணக்குச் சங்கம் அமைத்தனர். சங்கம் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஒருவர் தராசும் கொழுப்புச் சோதனைக் கருவியும் எடுத்துக்கொண்டு தொழுவம் தொழுவமாகப் போய், ஒவ்வொரு பசுவின் பாலையும் தின்ற தீவனத்தையும் நிறுத்து எழுதினார். எந்தப் பசு வீட்டைக் காக்கிறது, எந்தப் பசு வீட்டைத் தின்கிறது என்பது அதன் பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. அந்தச் சிறு நாட்டின் வெண்ணெய் பெயர்பெற்றதில் இதற்குப் பங்கு உண்டு.

நம் பால் சங்கங்களிலும் நாள்தோறும் லிட்டரும் தரமும் எழுதப்படுகின்றன. ஆனால் அது அங்கத்தினர் கணக்கு, பசுவின் கணக்கன்று. இரண்டு பசுவின் பாலும் ஒரே தூக்கில் சேர்ந்து வருகிறது. பசுவுக்குக் கணக்கு வைக்க, மாதத்தில் ஒரு நாள், காலையும் மாலையும், அந்தந்தப் பசுவின் பாலைத் தனியே அளந்தால் போதும். கன்று குடிப்பது நாலு நாளும் எவ்வளவோ அவ்வளவே அன்றும் இருக்கட்டும். பத்து மாதத்தின் அளவுகளைக் கூட்டி 30½-ஆல் பெருக்கினால் ஈற்றின் பால் வரும். விளக்கத்துக்காக இரண்டு பசுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாதந்தோறும் 8, 9, 8½, 7½, 7, 6, 5, 4½, 3½, 2½ லிட்டர் கறக்கிறது. கூட்டினால் 61½, ஈற்றுக்கு ஏறக்குறைய 1,876 லிட்டர். மற்றொன்று ஈன்ற புதிதில் 11 லிட்டர் கறந்து, பிறகு 10, 8, 6, 4, 2½, 1 என்று இறங்கி ஏழாம் மாதத்தோடு வற்றிவிடுகிறது. கூட்டினால் 42½; ஈற்றுக்கு 1,296 லிட்டர்தான். ஈன்ற பத்தாம் நாள் இரண்டையும் ஒரே சந்தையில் நிறுத்தினால் எது அதிக விலைக்குப் போகும் என்று சொல்ல வேண்டுமா? புடைத்த மடியுடன் நிற்கும் 11 லிட்டர்ப் பசுவே போகும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் 580 லிட்டர். அதைச் சங்கத்தின் கொள்முதல் விலையால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இல்லாத பசுவை வாங்க நேர்ந்தால், மூன்று வேளை தொடர்ச்சியாக விற்பவர் வீட்டிலேயே கறந்து பார்த்து, முதல் வேளையின் அளவைத் தள்ளிவிட வேண்டும். சந்தைக்கு முன் ஒரு வேளை கறக்காமல் மடியைத் தேக்கி வைக்கும் தந்திரம் அதில் கழிந்துவிடும். பல்லைப் பார்த்து வயதையும், கேட்டு ஈற்றையும் ஒத்திட்டுப் பார்க்கலாம். எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்த பசுவை இரண்டாம் ஈற்று என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம். காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் பெயரில் சினை ஊசி, தடுப்பூசி, பால் அளவு ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். வாங்கி வந்த பிறகு தொழுவத்துச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முதல் பக்கத்தில் அந்த எண், ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி, காளையின் எண் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளலாம். எழுதத் தெரிந்த பள்ளிப் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் மாதாந்தர அளவை அவரிடமே விட்டுவிடலாம்; பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகள் அரை லிட்டரையும் விடாமல் எழுதுவார்கள்.